சிக்லிட் தொட்டியில் யாரோடு யார் இருக்கலாம்?

ஜிலேபி மீன், சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் தூண்டில் போட்டால் முதலில் மாட்டுவது பெரும்பாலும் அதுதான். முட்டையிடும் பருவத்தில் ஆண் ஜிலேபி அடிமண்ணை வாயால் அள்ளித் துப்பி வட்டமாக ஒரு குழி பறிக்கும். வேறு ஆண் அந்தப் பக்கம் வந்தால் விரட்டும். பெண் வந்து முட்டையிட்டு, முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். குஞ்சுகள் பொரிந்து நீந்தும்வரை அவை அதன் வாய்க்குள்தான்.

கொளத்தூர் கலர்மீன் கடைகளில் இருக்கும் ஏஞ்சல், ஆஸ்கர், டிஸ்கஸ், ஃபிளவர்ஹார்ன், பேரட், 'ஆப்பிரிக்கன்' என்று மொட்டையாகச் சொல்லப்படும், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள் எல்லாம் இதே குடும்பம்தான். இடம் பிடிப்பதும், பிடித்த இடத்தையும் குஞ்சையும் காப்பதும் இவற்றின் பிறவிக் குணம். ஏரியில் விரட்டப்பட்ட மீன் பத்தடி தள்ளிப் போனால் சண்டை முடிந்தது. விரட்டிய மீனும் திரும்பிவிடும். நாலடித் தொட்டியில் அந்தப் பத்தடி கிடையாது. அதனால் தோற்ற மீன் தோற்றுக்கொண்டே இருக்கும். இரண்டு நாளில் வால் கிழிந்து மேல் மூலையில் நிற்கும்.

'இது சாது, அது முரடு' என்று பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை. சாதுவான ஏஞ்சலும் முட்டையிட்ட நாளில் முரடாகும். மீன் வாங்கும் முன் தண்ணீர் ஒத்துப்போகிறதா, வளர்ந்தபின் என்ன அளவு வரும், சாப்பாடு ஒன்றா, இடம் போதுமா என்று இந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு வர வேண்டும். முதலிலேயே ஒத்துவராவிட்டால் மற்றதைப் பார்க்க வேண்டியதில்லை.

முதலில் குழாயைத் திறந்து பாருங்கள்

சிக்லிட்களைக் கண்டம் வாரியாகப் பிரித்துக்கொள்வது நல்லது. தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ படுகைகளைச் சேர்ந்த ஏஞ்சல், டிஸ்கஸ், ராம், ஆஸ்கர் ஆகியவை மென்மையான, லேசான அமிலத் தண்ணீருக்குப் பழகியவை. மத்திய அமெரிக்காவின் கன்விக்ட், ஃபயர்மவுத், ஜாக் டெம்ப்சி நடுத்தரக் கடினத்தன்மையை விரும்பும். மலாவி ஏரியின் மீன்களுக்கு பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 7.8 முதல் 8.6 வரை வேண்டும். ஆப்பிரிக்காவின் இன்னொரு ஏரியான டாங்கனிக்காவில் அது 9ஐத் தொடும்.

சென்னையில் பல பகுதிகளின் போர் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை உள்ளது. தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை விட்டால் 1000 பி.பி.எம். தாண்டிக் காட்டும் வீடுகள் ஏராளம். கடலோரம் போகப் போக உப்பும் சேர்ந்துகொள்ளும். மெட்ரோ வாட்டரின் தன்மை பகுதிக்குப் பகுதி, பருவத்துக்குப் பருவம் மாறும். ஏரித் தண்ணீரும் கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீரும் ஒன்றுபோல இருப்பதில்லை. டி.டி.எஸ். மீட்டர் மட்டும் போதாது என்பதைக் கவனியுங்கள். கரைந்திருப்பது சுண்ணாம்பா உப்பா என்று அது சொல்லாது, பி.எச்.சும் காட்டாது. பி.எச்., ஜி.எச். (தண்ணீரின் கடினத்தன்மை), கே.எச். (பி.எச். மாறாமல் பிடித்துவைக்கும் கார்பனேட் அளவு) மூன்றையும் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் கிட் ஒன்று வாங்குங்கள். முதல் மீனுக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள் அது.

அளந்தபின் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதுதான் எளிது. மீனுக்காகத் தண்ணீரை மாற்றுவது தீராத வேலை. பி.எச். குறைக்கும் பாட்டில் மருந்துகளைப் போர் தண்ணீரில் ஊற்றினால் அன்று இறங்கும், மறுநாள் பழையபடி ஏறிவிடும். கே.எச். அதிகமாக இருப்பதால் தண்ணீர் தன் நிலைக்கே திரும்பும். இந்த ஏற்ற இறக்கம் நிலையான 8.2ஐவிட மீனுக்குக் கெடுதல். மென்மையான தண்ணீர் உண்மையிலேயே வேண்டுமென்றால் ஆர்.ஓ. தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் ஒரே விகிதத்தில் வாராவாரம் கலக்க வேண்டும். டிஸ்கஸ், ராம் போன்றவற்றுக்கு அந்தச் சிரமம் தகும். கொளத்தூர், செங்குன்றம் வட்டாரப் பண்ணைகளில் பல தலைமுறையாக வளரும் ஏஞ்சலும் ஆஸ்கரும் பி.எச். 8 வரை தாங்கிக்கொள்ளும். அவற்றுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

மெட்ரோ தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். ஒரு நாள் முழுக்க ஏர் பம்ப் ஓடவிட்டுப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் குளோரின் நீக்கியைச் சேருங்கள்.

வெப்பநிலையும் தண்ணீர்க் கணக்கில்தான் வரும். ஏ.சி. இல்லாத அறையில் மே மாதம் தொட்டி 31, 32 டிகிரிக்குப் போய்விடும். டிஸ்கஸுக்கும் ராமுக்கும் 28 முதல் 30 வரை பிடித்தமானது. மலாவி மீன்களுக்கு 24 முதல் 28 வரைதான் இதம். கோல்ட்ஃபிஷ் எந்த சிக்லிட்டோடும் சேராது. அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், வேகமும் குறைவு, நீண்ட துடுப்பு வேறு. கடையில் இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஒன்றரை இன்ச்சில் எல்லாமே குழந்தைதான்

கடையில் பார்ப்பது ஒன்றரை, இரண்டு இன்ச் குஞ்சு. கணக்குப் போட வேண்டியது வளர்ந்த அளவை வைத்து. ராம் 5 முதல் 6 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். கிரிபென்சிஸ் 8 முதல் 10, கன்விக்ட் 10 முதல் 12, ஃபயர்மவுத் 15 வரும். ஏஞ்சல் நீளம் 15தான்; ஆனால் துடுப்போடு உயரம் 20ஐத் தாண்டும். ஆகவே தொட்டி ஒன்றரை அடி உயரமாவது இருக்க வேண்டும். ஜாக் டெம்ப்சியும் கிரீன் டெரரும் 20 முதல் 25. ஆஸ்கர் ஒரு அடி, அதுவும் நன்றாகத் தின்றால் ஒன்று, ஒன்றரை வருடத்தில்.

வாய்க்குள் போகும் அளவில் உள்ள மீன் எதுவும் சிக்லிட்டுக்குத் துணை ஆகாது, இரைதான். புதிதாக ஆரம்பிப்பவர்கள் அடிக்கடி சேர்ப்பது ஏஞ்சலையும் நியான் டெட்ராவையும். ஏஞ்சல் சின்னதாக இருக்கும் ஐந்தாறு மாதம் அழகாகப் போகும். பிறகு தினம் காலையில் ஒரு நியான் குறையும். விளக்கணைந்து டெட்ராக்கள் மந்தமான நேரத்தில் ஏஞ்சல் விழுங்கியிருக்கும். ஏஞ்சலுக்கு லெமன் டெட்ரா, காங்கோ டெட்ரா மாதிரி உடம்பு உயரமான டெட்ராக்கள் பொருந்தும். டைகர் பார்ப், செர்ப்பே டெட்ரா இரண்டும் வேண்டாம். ஏஞ்சலின் தொங்கும் துடுப்பைக் கடித்தே தீர்த்துவிடும். இங்கே தொல்லை தருவது சிக்லிட் அல்ல, துணை மீன்.

கோரிடோரஸ் என்ற சின்னக் கெளுத்தியை ஆஸ்கரோடு விடுவது இன்னொரு ஆபத்து. கோரியின் பக்கத் துடுப்பில் உள்ள முள் பயந்தால் விறைத்து நின்றுவிடும். விழுங்கிய ஆஸ்கரின் தொண்டையில் அது குத்திச் சிக்கிக்கொண்டால் இரண்டுமே சாகும்.

'சக்கர்' மீனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 'டேங்க் கிளீனர்' என்று எல்லாத் தொட்டிக்கும் ஒன்று கொடுத்துவிடுவார்கள். அது ஒன்றரை அடி வரை வளரும். தின்னும் பாசியைவிடப் போடும் கழிவு அதிகம். பசித்தால் இரவில் டிஸ்கஸ், ஏஞ்சல் போன்ற தட்டையான மீன்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேல்வழுவழுப்பைச் சுரண்டும். பாசி தின்ன ஆள் வேண்டுமென்றால் பிரிசில்நோஸ் வாங்குங்கள், 12 சென்டிமீட்டரோடு நிற்கும். ஏற்கனவே சக்கர் பெரிதாகிவிட்டது என்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள். ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடக் கூடாது. அங்கே பெருகி மீனவர் வலையைக் கிழிக்கும். 'ஷார்க்' என்று விற்கும் வெள்ளைக் குட்டி பங்காசியஸும் இப்படித்தான். அது ஒரு மீட்டருக்கு மேல் வளரும், வீட்டுத் தொட்டிக்கான மீனே அல்ல.

ஒரே சாப்பாடு எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது

மலாவி ஏரியின் பாறை மீன்களான ம்புனா இனங்கள் பாசியைச் சுரண்டித் தின்பவை. குடல் நீளமானது. இவற்றுக்கு ரத்தப்புழு, மாட்டு இதயம் என்று தினம் போட்டால் வயிறு உப்பி, சாப்பிடாமல் நின்று, வெள்ளை நூல்போலக் கழிவு போட்டு இறந்துவிடும். மலாவி புளோட் என்பது இதுதான். ஸ்பைருலினா பாசி கலந்த குருணைதான் இவற்றுக்கு அன்றாடச் சாப்பாடு. அதே ஏரியின் பீகாக் மீன்கள் மணலில் பூச்சி தேடித் தின்பவை. சற்றுப் புரதம் கூடுதலாக வேண்டும். குணத்திலும் பீகாக் சாது, ம்புனா அடாவடி. 'இரண்டும் மலாவிதானே' என்று கடைக்காரர் சொன்னாலும் ஆரம்பக்காரர் இரண்டையும் கலக்க வேண்டாம்.

டிஸ்கஸோடு ஏஞ்சலைச் சேர்க்காமல் இருப்பதற்கும் சாப்பாடு ஒரு காரணம். டிஸ்கஸ் யோசித்து யோசித்துத் தின்னும். அது வாயைத் திறப்பதற்குள் ஏஞ்சல் காலி செய்துவிடும்.

ஆஸ்கருக்கு உயிர்மீன் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இரையாக விற்கும் குட்டி கோல்ட்ஃபிஷ் நோயைக் கொண்டுவரும். அதில் உள்ள தையமினேஸ் என்ற நொதி பி1 வைட்டமினை அழிக்கும். நீந்துவதையெல்லாம் தின்னலாம் என்று பழகிய ஆஸ்கரோடு துணை மீன் விடுவது பிறகு இன்னும் கடினம்.

இடமும் ஜோடியும்

தண்ணீர், அளவு, சாப்பாடு மூன்றும் சரியாக இருந்தும் தொட்டி போர்க்களமாவது இங்கேதான். கன்விக்ட் நல்ல உதாரணம். நாலு இன்ச் மீன், விலை குறைவு, நோய் குறைவு. ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து ஒரு மண்சட்டிக்குள் முட்டையிட்டுவிட்டால், இரண்டடித் தொட்டி முழுவதும் தங்களுடையது என்று முடிவு செய்துவிடும். தன்னைப்போல் இரண்டு மடங்கு மீனையும் மூலைக்குத் தள்ளும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய வாரம் உச்சகட்டம். 'நேற்றுவரை ஒற்றுமையாகத்தானே இருந்தன' என்று திகைப்பவர்கள் சட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் காரணம் தெரியும்.

ஆகவே துணை தேடும்போது, 'இந்த மீன் முட்டையிட்டால் மற்றவை எங்கே போகும்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடியில் குகை பிடிக்கும் சிக்லிட் என்றால் துணை மீன் மேல்மட்டத்தில் வேகமாக நீந்துவதாக இருக்கட்டும். ஜெயன்ட் டேனியோ இதற்குத் தோது. எட்டுப் பத்து கூட்டமாக மேலே ஓடிக்கொண்டிருந்தால் சிக்லிட் பயம் தெளிந்து வெளியே வரும்; ஆபத்து இல்லை என்பதற்கு அந்தக் கூட்டம்தான் அதற்கு அடையாளம். அதன் கோபமும் ஒரே மீன்மேல் விழாமல் கூட்டத்தில் பிரிந்துவிடும். டேனியோவின் வேகத்துக்கு அடி படுவதும் அபூர்வம்.

ஒரே இனம், ஒரே நிறம், ஒரே உருவம் உள்ள மீன்களுக்குள்தான் சண்டை கடுமை. மஞ்சள் ஆணுக்கு எதிரி இன்னொரு மஞ்சள் ஆண். நீலமும் கோடும் உள்ள மீனை அது அவ்வளவாகப் பொருட்படுத்தாது. பீகாக் ஆண்களை மட்டும் வைத்து வளர்ப்பவர்கள் ஒவ்வொன்றும் வேறு நிறமாகப் பார்த்து, பெண் ஒன்றுகூட இல்லாமல் வைப்பது இதனால்தான். ஒரு பெண் நுழைந்தாலும் ஏற்பாடு குலையும்.

மலாவி ம்புனாவுக்குக் கணக்கு தலைகீழ். குறைவாக விட்டால் ஒன்றுதான் மிஞ்சும். நிறைய விட்டால் நிம்மதி. நெரிசலான பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாதது மாதிரி, கூட்டம் நிறைந்த தொட்டியில் எந்த ஆணாலும் ஒரு மூலையைத் தனதாக்க முடியாது. ஒரு ஆணுக்கு மூன்று, நான்கு பெண் வேண்டும். இல்லாவிட்டால் ஆண் ஒரே பெண்ணைத் துரத்தித் துரத்திக் கொன்றுவிடும். ஆனால் இந்த நெரிசலுக்கு ஃபில்டர் ஈடுகொடுக்க வேண்டும். 255 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 1500 முதல் 2000 லிட்டர் தள்ளும் ஃபில்டர் போட்டு, வாரம் 30 முதல் 40 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா காரத் தண்ணீரில் கூடுதல் விஷம். 30 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் விஷ வடிவில் இருக்கும், பி.எச். 8.2இல் அது சுமார் 11 சதவீதம். ஃபில்டர் பழகாத, அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில் இன்னும் வளராத புதுத் தொட்டியில் இருபது மலாவியை விட்டால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம். தொட்டியை மீன் இல்லாமல் நாலு முதல் ஆறு வாரம் ஓட்டி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சைபர் காட்டியபின் மீன் விடுங்கள். பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் இன்னும் சீக்கிரம் தயாராகும்.

கல் அடுக்குவதும் துணை தேர்வின் ஒரு பகுதிதான். எதிரெதிர் முனைகளில் நிற்கும் இரண்டு மீனும் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி நடுவில் மறைப்பு வேண்டும். ஒவ்வொரு குகைக்கும் இரண்டு வாசல் இருக்கட்டும், உள்ளே மாட்டிக்கொண்ட மீன் பின்வழியாகத் தப்ப. கனமான கற்களை மணலின் மேல் வைக்காதீர்கள். கண்ணாடித் தளத்தில் மெல்லிய தெர்மகோல் ஷீட் விரித்து, கல்லை வைத்து, அதன்பிறகு மணலைக் கொட்டுங்கள். மேலே வைத்தால் சிக்லிட் அடியில் தோண்டும், கல் சரியும், கண்ணாடி போகும்.

தொட்டி அளவுக்கு என்ன சேர்க்கை

சென்னையில் தொட்டியை அடிக்கணக்கில்தான் செய்து தருவார்கள். நீளம், அகலம், உயரத்தை அடியில் பெருக்கி 28ஆல் பெருக்கினால் ஏறக்குறைய லிட்டர் வந்துவிடும். இரண்டடிக்கு ஒன்றுக்கு ஒன்று என்றால் 56 லிட்டர். இதில் ஒரே ஒரு ஜோடிதான், அதுவும் சிறிய இனம். தண்ணீர் மென்மையாக இருந்தால் ராம் ஜோடியும் எட்டு கார்டினல் டெட்ராவும் வைக்கலாம். இரண்டுமே சூடு தாங்கும். போர் தண்ணீர் என்றால் டாங்கனிக்காவின் சங்கு வாழ் மீன் மல்டிஃபாசியாட்டஸ் ஆறு, கைநிறைய காலி நத்தை ஓடுகள், நாலு இன்ச் மணல், வேறு யாரும் வேண்டாம். ஓட்டைச் சுற்றி மணலை அள்ளிக் குவிக்கும் இந்த மீனின் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இவ்வளவு சிறிய தொட்டியில் முழு சிக்லிட் குணத்தையும் காட்டும் மீன் இதுபோல் வேறில்லை. இரண்டடித் தொட்டியில் ஏஞ்சல், ஆஸ்கர், ஆப்பிரிக்கன் மூன்றுமே கூடாது.

மூன்றடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை, 190 லிட்டர். ஏஞ்சல் ஆசை இங்கே நிறைவேறும். ஆண் பெண் பிரித்துச் சொல்வது கஷ்டம் என்பதால் ஐந்தாறு குஞ்சாக வாங்குங்கள். எட்டு முதல் பத்து மாதத்தில் தாமாக ஜோடி சேரும். அந்த ஜோடியை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கடைக்குக் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் ஜோடியை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். கூட ஒரு பிரிசில்நோஸ், பத்து லெமன் டெட்ரா. ஏஞ்சல் வேண்டாமென்றால் ஒரு ஃபயர்மவுத் ஜோடியும், கடினத் தண்ணீருக்கு ஏற்ற ஸ்வார்ட்டெயில் ஆறும். ஃபயர்மவுத் தொண்டையைச் சிவப்பாக உப்பிக் காட்டி மிரட்டும், கடிப்பது குறைவு. அந்த மிரட்டலைக் கண்டுகொள்ளாத கன்விக்டோடு சேர்த்தால் அடி வாங்குவது ஃபயர்மவுத்தான்.

நாலடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை, 255 லிட்டர். போர் தண்ணீர் வீடுகளுக்கு எங்கள் முதல் சிபாரிசு மலாவிதான். எல்லோ லேப், ரஸ்டி, அசெய் மூன்றிலும் ஆறு ஆறு. மூன்றும் வேறு வேறு நிறம், ம்புனாவில் அடக்கமான குணம். அசெய் மேல்மட்டத்தில் நீந்துவதால் இடமும் பிரியும். அடியில் சினோடான்டிஸ் கெளுத்தி மூன்று விடலாம். செதில் இல்லாவிட்டாலும் முரட்டுத் தோல், இரவில்தான் நடமாட்டம். அவுராட்டஸ், கென்யி இரண்டும் கடையில் கண்ணைப் பறிக்கும். ஆரம்பத் தொட்டிக்குள் விடாதீர்கள். நாலு இன்ச் அவுராட்டஸ் ஆண் தொட்டியையே காலி செய்த கதை எல்லா ஊரிலும் உண்டு. 'மிக்ஸ்டு ஆப்பிரிக்கன்' என்று ஒரே தொட்டியிலிருந்து அள்ளிக் கொடுக்கும் மீன்களில் இவையும் கலப்பினங்களும் இருக்கும். பெயர் சொல்லி விற்கும் கடையில், ஒரே இனத்தை ஆறாக வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பிராட்வே சந்தையில் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் இனம் தெரியாத மீனுக்குத் துணை தேட முடியாது.

டிஸ்கஸுக்கும் இதே அளவு போதும். ஆறு டிஸ்கஸ், பதினைந்து ரம்மிநோஸ் டெட்ரா, ஆறு ஸ்டெர்பாய் கோரி. கோரிகளில் 29 டிகிரியைத் தாங்குவது ஸ்டெர்பாய்தான்; பெப்பர் கோரி அந்தச் சூட்டில் நாளாவட்டத்தில் வாடிவிடும். ஆஸ்கருக்கு நாலடிக்கு இரண்டுக்கு இரண்டு, 450 லிட்டர் வேண்டும். அதில் இரண்டு ஆஸ்கர், ஆறு சில்வர் டாலர். டாலர் தட்டையாக, உயரமாக இருப்பதால் விழுங்க முடியாது, வேகமும் உண்டு. இந்தத் தொட்டியில் செடி நட வேண்டாம். ஆஸ்கர் பிடுங்கும், டாலர் தின்னும்.

ஃபிளவர்ஹார்னுக்குத் துணை கிடையாது. தேடாதீர்கள். பேரட்டுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள். வாய் சரியாக மூடாத கலப்பினம் அது. மோதும், கடிக்க முடியாது. சாப்பாட்டுப் போட்டியிலும் தோற்கும். சேவரம், சில்வர் டாலர் போன்ற நிதானமான மீன்களோடு விடுங்கள். சாயம் ஏற்றிய ஊதா, நீலப் பேரட்களை வாங்கவே வேண்டாம்.

விடும் வரிசை, அடி விழும்போது செய்வது

எந்தப் புது மீனும் முதலில் இரண்டு, மூன்று வாரம் தனித் தொட்டியில். வெள்ளைப்புள்ளி நோய் வெளியே தெரிய அந்த அவகாசம் வேண்டும். பிறகு சாதுவான மீன் முதலில், முரடு கடைசியில். முதலில் வந்த மீன்தான் இடத்தைப் பிடிக்கும். முரடை முதலில் விட்டால் பின்னால் வருவதெல்லாம் அத்துமீறல். ம்புனாவை மட்டும் எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே அளவில் விட வேண்டும். பழைய தொட்டியில் புதிதாகச் சேர்ப்பதானால் கற்களை எல்லாம் எடுத்து வேறு மாதிரி அடுக்கி, வயிறு நிறையச் சாப்பாடு போட்டு, விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். எல்லை குழம்பிப்போன மீன்கள் புதியவனை மறந்து தங்கள் இடத்தைத் தேடும். ஒன்றாக விடாமல் மூன்று நான்காக விட்டால் அடி பங்கிடப்படும்.

உண்மையான சண்டையையும் சாதாரண உரசலையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். துடுப்பை விரித்துக் காட்டுவது, ஓரடி துரத்திவிட்டுத் திரும்புவது, வாயோடு வாய் கவ்வி அரை நிமிடம் இழுப்பது எல்லாம் அன்றாடம். ஒரு மீன் எப்போதும் ஃபில்டர் பின்னாலோ நீர்மட்டத்தின் மூலையிலோ நிற்கிறது, நிறம் கறுத்திருக்கிறது, சாப்பிட வரவில்லை, வால் கிழிந்து செதில் உதிர்கிறது என்றால் அன்றே எடுக்க வேண்டும். ஆறு ஏழு செதில் போன இடத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். வீட்டில் எப்போதும் ஒரு 40 லிட்டர் டப்பும், ஓடும் தொட்டியில் மூழ்கிப் பழகிய உபரி ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றும் இருக்கட்டும். கிழிந்த வாலுக்கு லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் அயோடின் சேர்க்காத உப்பும் சுத்தமான தண்ணீரும் போதும், வளர்ந்துவிடும்.

அடிபட்ட மீனை எடுத்தால் காயம் ஆறும், பிரச்சினை தீராது. முரடன் அடுத்த மீனைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். முரடனை ஒரு வாரம் டப்பில் வைத்து, அதற்குள் கல்லை மாற்றி அடுக்கி, அதையே புதிதாக வந்த மீன்போல விட்டுப் பாருங்கள். பல நேரம் அடங்கிவிடும். இரண்டாவது முறையும் அடங்காவிட்டால் கடைக்குப் போக வேண்டியதுதான்.

மே மாதச் சண்டைக்குக் காரணம் பல நேரம் தண்ணீர்தான். சூடு ஏற ஏற மீனின் வேகமும் பசியும் கூடும், கரைந்த ஆக்சிஜன் குறையும். நீர்ப்பரப்பின் மேல் படும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியான தண்ணீருக்குப் பதில் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்புதான் ஏறும், ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். கரண்ட் போனால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கூட்டமான மலாவித் தொட்டிக்கு அவசியம்.

நம்ம ஊர் சிக்லிட்

இந்தியாவில் இயற்கையாகவே வாழும் சிக்லிட்கள் மூன்று. கர்நாடகப் பகுதியைச் சேர்ந்த கனரா பேர்ல் ஸ்பாட்டை விட்டுவிடலாம். மற்ற இரண்டு, கேரளத்தில் கரிமீன் எனப்படும் பேர்ல் ஸ்பாட்டும் ஆரஞ்சு குரோமைடும், சென்னையின் லேசாக உப்புக் கரிக்கும் போர் தண்ணீருக்கென்றே பிறந்தவை. பழவேற்காடு மாதிரி உவர்நீர் ஏரிகளில் வாழ்பவைக்கு 1000 பி.பி.எம். ஒரு பொருட்டல்ல, 32 டிகிரியும் அப்படியே. ஆரஞ்சு குரோமைடு 8 சென்டிமீட்டர்தான். மூன்றடித் தொட்டியில் ஆறு விடலாம், துணைக்கு உப்பும் சுண்ணாம்பும் தாங்கும் மோலி எட்டு. ஜோடி சேர்ந்தால் கல்லின்மேல் முட்டையிட்டு இரண்டு பெற்றோரும் மாறி மாறிக் காக்கும். மோலிகள் மேலே இருப்பதால் பெரிய தகராறு வராது.

பேர்ல் ஸ்பாட் ஓரடி வரை போகக்கூடியது, செடிகளை மேய்ந்துவிடும். அதற்கு 450 லிட்டர் தொட்டிதான் சரி. இரண்டையும் ஒன்றாக விட்டால் ஒரு காட்சி கிடைக்கும். சிறிய குரோமைடுகள் பெரிய மீனின் உடம்பிலும் துடுப்பிலும் உள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும், பெரியதும் அசையாமல் நின்று இடம் கொடுக்கும். இயற்கையிலும் இப்படித்தான். ஆனால் அதே குரோமைடு பேர்ல் ஸ்பாட்டின் முட்டையையும் குஞ்சையும் விட்டுவைக்காது. பெரிய ஜோடி கல்லைச் சுத்தம் செய்யத் தொடங்கியதுமே குரோமைடுகளை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.